பெரியப்பா அஞ்சடியில் இருந்த வருஷம்

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. பேனாவை எடுப்பதும், கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி எழுந்து போவதுமாகவே காலம் போய்விட்டது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் தயக்கத்துக்கு அது காரணம் இல்லை. ஊரில் இருக்கிறவர்கள் படித்துவிட்டு, "கடல் தாண்டிப் போனவன் சாமிய மாத்திட்டான்" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். நான் மாற்றவில்லை. இன்றைக்கும் இருக்கன்குடி மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் எனக்குக் காப்பித்தண்ணி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று எங்கள் சந்தில் சீனர்களின் சாமிக்குத் திருவிழா தொடங்கியிருக்கிறது. காலையிலேயே வெடித்த பட்டாசுச் சரத்தின் சிவப்புக் காகிதம் வாசலெல்லாம் கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்கு அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறினால் சும்மா உட்கார முடியாது. அதனால் கடையை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

எனக்குச் சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. மலாயாவுக்கு வருவதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கப்பல் ஏறுவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தபோது, என் அம்மா அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள்.

இது தெரியாத இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று குழப்பம் வந்தால், வெள்ளரளி ஒன்றும் செவ்வரளி ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்போம். ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தான் கேட்கலாம். வந்த பதில் பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்டால், அம்மன் சொன்னதை நம்பவில்லை என்று அர்த்தம். எனக்கு வெள்ளை வந்தது. வந்தேன்.

இங்கே அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில், பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னேன். அட்டை கைக்கு வந்தபோது பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பேர் இருந்தது. அதுவும் முழுசாக இல்லை. ஏழாயிரம் என்பதோடு நின்றுவிட்டது. திருத்தச் சொல்லிப் போனால் இந்த ஜன்னலுக்குப் போ, அந்த ஜன்னலுக்குப் போ என்று அலையவிட்டார்கள். கடைசியில் விட்டுவிட்டேன். தமிழ் ஆட்கள், "என்ன ஏழாயிரம், இன்னும் எட்டாயிரம் ஆகலியா?" என்று கேலி செய்வார்கள். சீனர்களுக்கு அதுவும் வாயில் நுழையவில்லை. அவர்களுக்கு நான் எலாய்.

எங்கள் சந்தில் கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை ஒன்று நீளமாக ஓடும். அஞ்சடி என்போம். என் கடைக்கு முன்னால் அந்த அஞ்சடியில் அம்மிக்கல்லைப் போட்டு, மிளகாயும் மல்லியும் ஈரமாக அரைத்து உருண்டையாக விற்பேன். கடைக்குப் பின்கட்டுதான் வீடு. நான் வந்த மறு வருடம் என் வீட்டுக்காரி குருவம்மாள், கைப்பிள்ளையாக இருந்த மகள் மாரியைத் தூக்கிக்கொண்டு கப்பலில் வந்து சேர்ந்தாள்.

மாரிக்கு ஊரில் அம்மை போட்டுக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. குருவம்மாள் பிள்ளையோடு இருக்கன்குடிக் கோயிலிலேயே தங்கி, உப்பில்லாமல் உண்டு, நோன்பிருந்தாள். அதை அங்கே வயனம் என்பார்கள். பிள்ளைக்குக் கண் திறந்தது. அன்று வாங்கிய அம்மன் படத்தைத்தான் மடியில் கட்டிக்கொண்டு கப்பலேறினாள். எங்கள் வீட்டு அம்மன் அவள்தான்.

3

சந்தின் கோடியில் ஒரு மரத்தடியில் சின்னத் தொக்கோங் இருக்கிறது. சீனக் கோயிலை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்வோம். உள்ளே வெள்ளைத் தாடியோடு, கையில் தடி பிடித்துச் சிரித்தபடி ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார். துவா பே கோங் என்று பேர். அப்படியென்றால் என்ன என்று கோப்பிக்கடை ஆ லோக்கிடம் கேட்டேன். அவர்தான் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். நாங்கள் பேசிக்கொள்வது சந்தை மலாய். அதை அப்படியே எழுதினால் உங்களுக்குப் புரியாது. நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அப்பாவுக்கு மூத்தவரை நீங்க என்ன சொல்லுவீக?"

"பெரியப்பா."

"அவருதான். இவரும் நம்மள மாதிரிக் கப்பல்ல வந்தவருதான், எலாய். வந்த எடத்துலயே செத்துப்போனாரு. அனாதையா விட முடியுமா? சாமியாக்கிட்டோம்."

கப்பலில் வந்து, ஊர் திரும்பாமல் செத்துப்போனவர்களை எனக்கும் தெரியும். அவர்களில் ஒருவரை உட்காரவைத்து, பெரியப்பா என்று முறை சொல்லிக் கும்பிடுகிற ஜனம் நல்ல ஜனம் என்று அன்றைக்கே மனசில் பட்டது.

அவர்கள் திருவிழாவைப் பார்க்க வேண்டும். ஆளுயர ஊதுவத்திகள் வரிசையாகப் புகையும். நம் சப்பரத்தைப் போலவே சாமியின் பல்லக்கும் தூக்குகிறவர்களை இங்கும் அங்கும் இழுக்கும். எனக்கு இதற்கெல்லாம் மேலாகத் தோன்றியது அவர்களுடைய கூத்துதான். மேடையைச் சாமியைப் பார்த்துத்தான் போடுவார்கள். ஒரு வருடம் மத்தியானக் கூத்தின்போது மழை கொட்டியது. நாற்காலிகள் எல்லாம் காலி. நான் மட்டும் அஞ்சடியில் நின்று பார்த்தேன். மேடையில் இருந்தவர்கள் ஒரு அடியும் குறைக்காமல், ஒரு பாட்டும் விடாமல் ஆடினார்கள். "ஆளே இல்லியே" என்றேன். ஆ லோக் கோயிலைக் கைகாட்டி, "அவரு இருக்காருல்ல" என்றார். நம் ஊரில் கூட்டம் குறைந்தால் ராஜா வேஷக்காரர் பீடி பிடிக்க இறங்கிவிடுவார்.

விருந்துக்கு மிளகாய் அரைத்துக் கொடுப்பது என் பங்கு. யாரும் கேட்கவில்லை. சந்தில் குடியிருக்கிறோம், நம் கையும் இருக்கட்டும் என்று நானாகச் செய்தேன். அது வருடா வருடம் வழக்கமாகிவிட்டது. குருவம்மாள் மட்டும், முழுப் பன்றியைச் சுட்டுத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறபோது கதவைச் சாத்திவிடுவாள்.

4

திருவிழாவின் கடைசி நாள் அவர்கள் ஒன்று செய்வார்கள். சாமிக்கு முன்னால் ஒரு பித்தளைத் தூபக் கலயம் இருக்கும். அடுத்த திருவிழா வரைக்கும் அந்தக் கலயம் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று பெரியப்பாவையே கேட்பார்கள். கலயம் இருக்கிற வீட்டில் பெரியப்பா இருக்கிறார் என்று அர்த்தம். அந்த வீட்டுக்காரர்தான் அடுத்த திருவிழாவுக்குத் தலைமை.

கேட்பதற்கு இரண்டு மரத்துண்டுகள் இருக்கின்றன. சேர்த்து வைத்தால் பெரிய அவரைக்கொட்டை போல இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. தரையில் போட்டால் ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழ வேண்டும். அதுதான் சம்மதம். திருவிழாவில் பங்கெடுத்த வீடுகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் போடுவார்கள். யார் பேருக்குச் சம்மதம் விடாமல் அதிகம் விழுகிறதோ அவருக்குக் கலயம்.

மாரிக்குப் பத்து வயதான வருடம் அது. கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆ லோக் பேர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், கடைசியாக "எலாய்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மிளகாய் அரைத்த மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நானும் சிரித்தேன். துண்டுகள் விழுந்தன. சம்மதம். மறுபடியும் சம்மதம். மறுபடியும். சிரிப்பு நின்றுவிட்டது. சவப்பெட்டிக்கடைக்காரர் அதுவரை முன்னால் இருந்தார். அவரையும் தாண்டி விழுந்துகொண்டே இருந்தது.

ஏழாயிரம்பண்ணையில் நாங்கள் பிழைக்க வந்த குடும்பம். அம்மன் கோயில் பொங்கல் திருவிழா முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத் தலைவர் பேரையும் கூப்பிட்டுத் திருநீறு கொடுப்பார்கள். என் அப்பா கடைசி வரைக்கும் கூட்டத்தோடு கூட்டமாகக் கைநீட்டித்தான் வாங்கினார். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இங்கே, கடலுக்கு இந்தப் பக்கம், ஒரு சாமி முன்னால் எலாய் என்றாவது என் பேர் கேட்டது. ஆ லோக் என் தோளைத் தட்டி, "நீதான்டா வீட்டுக்காரன்" என்றார். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் அல்லவா.

5

"என்னத்தக் கேட்டு வாங்கிட்டு வந்து நிக்கீக?" என்றாள் குருவம்மாள்.

"நான் கேக்கல. அவராக் குடுத்தாரு. பெரியப்பா."

"பெரியப்பாவா. நல்ல மொறைதான். பண்ணி திங்குற பெரியப்பாவ அம்மன் இருக்குற வீட்டுக்குள்ள கூட்டியாரப் போறீகளாக்கும்."

"ஏன், நம்ம பக்கம் சொடலைமாடனுக்குப் பண்ணி வெட்டலியா?"

"வெட்டுனாக. எல்லையில வச்சு வெட்டுனாக. சொடலைய வீட்டுக்குள்ள கூப்பிட்டுப் பாய் போட்டு உக்கார வச்சாகளா?"

மாரி நடுவில் வந்து, "அம்மா, துவா பே கோங் நல்லவரும்மா. நான் தெனம் பள்ளிக்கூடம் போகும்போது மூணு ஊதுவத்தி வைக்கேன்" என்றாள். அவளுக்குச் சீனப் பேச்சு தமிழைவிட வேகமாக வரும்.

"வப்ப, வப்ப. உனக்குக் கண்ணத் தொறந்து விட்டது யாரு? அவ சொல்லட்டும். அவ சரின்னா நானே ஆரத்தி எடுத்துக் கூப்பிடுதேன்."

பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "அம்மா, பெரியப்பாவ வீட்டுக்குள்ள வைக்கலாமா?" என்று குருவம்மாள் வாய்விட்டுக் கேட்டாள். மாரியை எடுக்கச் சொன்னோம். அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது வெள்ளை வர வேண்டும் என்று ஆசை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். நான் இலையைப் பிரித்தேன்.

சிவப்பு.

அம்மன் வேண்டாம் என்றுவிட்டாள். மறுபடி கேட்க முடியாது. குருவம்மாள்கூட ஜெயித்த மாதிரி முகம் காட்டவில்லை. "எனக்கு மட்டும் என்ன, உங்களத் திருப்பிக் குடுக்க அலையவிடணும்னு ஆசையா?" என்று மட்டும் சொன்னாள். மாரி போய் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

6

மறுநாள் காலையில் ஆ லோக்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"குடுத்தவரு அவரு. வேண்டாம்னு சொல்றதா இருந்தா அவருட்டயே சொல்லு. விடுறாரான்னு பாப்போம்" என்று கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சந்தில் செய்தி அதற்குள் பரவிவிட்டது. சவப்பெட்டிக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், பலகாரம் விற்கிற கிழவி எல்லோரும் வந்துவிட்டார்கள். பெரியப்பா கொடுத்ததை இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த வருடம் வீட்டுக்காரன் இல்லாமல் சாமி இருந்தால் சந்துக்கு என்ன ஆகுமோ என்று அவர்களுக்குக் கவலை. அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

முழங்காலிட்டு, "கலயத்தைத் திருப்பி எடுத்துக்கிடுங்க. சரிதானே?" என்று கேட்டு, இரண்டு துண்டுகளையும் போட்டேன்.

இரண்டும் தட்டைப் பக்கம் மேலே இருக்க, உருண்டை முதுகில் விழுந்து தொட்டில் போல ஆடின. அப்படி விழுந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பின்னாலிருந்து கிழவி களுக்கென்று சிரித்தாள்.

"என்ன சொல்லுறாரு?" என்று ஆ லோக்கைக் கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. சிரிக்காரு."

மறுபடி போட்டேன். சிரித்தார். இன்னொரு தரமும் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது.

ஆ லோக் பக்கத்தில் குனிந்தார். "எலாய், கேள்வி சரியில்ல. வேணாம்னு வாய் சொல்லுது, வேணும்னு மூஞ்சி சொல்லுது. அவரு எதுக்குப் பதில் சொல்லுவாரு? எங்க வழக்கத்துல அவரு சிரிச்சா கேள்விய மாத்திக் கேக்கணும்."

"எங்க வழக்கத்துல ஒரு தரம்தான் கேக்கணும்."

"அது உங்க அம்மாட்ட. இங்க பெரியப்பா."

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குருவம்மாள் வந்தாள். கையெல்லாம் மிளகாய். மாரி சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, "எந்திரிங்க, நான் கேக்கேன்" என்றாள். அதுவரைக்கும் அவள் அந்தக் கோயில் வாசலை மிதித்ததில்லை.

சைக்கிள் கடைக்காரர், "அவருக்குத் தமிழ் தெரியுமா?" என்று இழுத்தார்.

"இத்தன வருஷமா இவுக ரெண்டு பேரு சண்டையையும் கேட்டுக்கிட்டுத்தான இருக்காரு" என்றார் ஆ லோக். 

குருவம்மாள் யாரையும் பார்க்கவில்லை. சாமியை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"பெரியப்பா, வீட்டுக்குள்ள ஒருத்தி இருக்கா. எம்பிள்ளைக்குக் கண்ணு குடுத்தவ. உள்ள வேண்டாம்னு சொல்லிட்டா. அவ பேச்ச நான் மீற மாட்டேன். ஆனா உங்களத் தெருவுல விடவும் எனக்கு மனசு இல்ல. எங்க பக்கம் காவல் சாமியெல்லாம் வெளியதான் இருக்கும். கொறச்சலா நெனச்சு வைக்கிறதில்ல. அஞ்சடியில அம்மிக்குப் பக்கத்துல எடம் ஒதுக்கித் தாரேன். இருக்கீகளா?"

மாரி அதைச் சீனத்தில் சொன்னாள். எல்லோருக்கும் கேட்கும்படி, தலையை நிமிர்த்திச் சொன்னாள். குருவம்மாள் துண்டுகளைப் போட்டாள்.

ஒன்று தட்டை. ஒன்று உருண்டை.

சவப்பெட்டிக்கடைக்காரர்தான் முதலில் கைதட்டினார். ஆ லோக் கலயத்தை எடுத்து என் கையில் கொடுக்க வந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, குருவம்மாளைப் பார்த்துத் திரும்பி, அவள் கையில் கொடுத்தார்.

7

ஒரு வருடம் பெரியப்பா எங்கள் அஞ்சடியில் இருந்தார். சவப்பெட்டிக்கடைக்காரர் நல்ல பலகையில் ஒரு மாடம் செய்து கொடுத்தார். காலையிலும் மாலையிலும் நானும் மாரியும் ஊதுவத்தி வைத்தோம். குருவம்மாள் ஊதுவத்தி வைக்கவில்லை. ஆனால் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள், மாடத்துக்கு முன்னாலும் ஒன்று போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். பன்றி கொண்டுவந்து படைக்கிறவர்கள் வந்தால் இப்போது கதவைச் சாத்துவதில்லை. அம்மியை மட்டும் ஒரு துணியால் மூடுவாள்.

நகராட்சி அதிகாரி ஒருவர் வந்து, நடைபாதையில் இது என்ன, அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். மிளகாய் அரைக்க அனுமதி இருக்கிறது, இதற்கு இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, சைக்கிள் போக வழி விட்டுச் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். தள்ளி வைத்தபோது நிலைப்படிக்கு வெளியேதான் இருக்கிறதா என்று குருவம்மாள் வந்து பார்த்துக்கொண்டாள்.

அடுத்த திருவிழாவில் கலயத்தை ஏந்திப் பல்லக்குக்கு முன்னால் நடந்தேன். வேட்டி கட்டியவன் முன்னால் போக, சந்தே பின்னால் வந்தது. அன்று கலயம் சவப்பெட்டிக்கடைக்காரருக்குப் போயிற்று. அவர் வந்து வாங்கிக்கொண்டபோது குருவம்மாள், "மழைச்சாரல் படாம வைங்க, இங்க படாம வச்சிருந்தோம்" என்றாள். மாரி மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

8

போன மாதம் திருத்தங்கலிலிருந்து என் சித்தப்பா மகன் வியாபார விஷயமாக வந்து எங்களோடு தங்கினான். சாப்பிடுகிறபோது, "அண்ணாச்சி, ஒங்க கத இருக்கன்குடி வரைக்கும் தெரியும்" என்றான். யாரோ ஊருக்குப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

"பூக்கட்டிப் பாத்தீகளாம். வெள்ளப் பூ வந்துச்சாம். அம்மனே சீனாச் சாமியக் கைப்பிடிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தாளாம். அந்தச் சாமியும் அன்னைலருந்து கறி திங்கிறத விட்டுருச்சாம்."

குருவம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். "சிவப்புத்தான் வந்துச்சு."

"அதச் சொன்னா நல்லாவா இருக்கும், மதினி? கேக்குறவனுக்குச் சங்கடமாருக்கும்ல?"

"என்ன சங்கடம்? அவ வேண்டாம்னா. அவளுக்கு அந்த உரிமை இருக்கு. இவரு சரி, வெளிய இருக்கேன்னாரு. அவருக்கு அந்த மனசு இருக்கு. அவளச் சம்மதிக்க வச்சு, இவரச் சைவமாக்கி, எதுக்கு ரெண்டு பேரையும் கொறைக்கீக?"

அன்று முடிவு செய்தேன், இதை எழுதிவிடுவது என்று.

படிக்கிறவர்கள் இதை ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கோயிலுக்கு நடந்து போகிறபோது சொல்லுங்கள், தீப்பெட்டிக் கம்பெனியில் கை வேலை பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். பெரியப்பாவுக்குப் பன்றிதான் படைத்தார்கள். அவரைச் சைவமாக்க வேண்டாம். சிவப்புப் பூவை வெள்ளையாக்க வேண்டாம். அம்மன் உள்ளே இருந்தாள், பெரியப்பா வாசலில் இருந்தார், நடுவில் இருந்த நிலைப்படியை ஒரு வருடம் முழுக்க இரண்டு பேரும் மதித்தார்கள். அந்த நிலைப்படியை மட்டும் யாரும் எடுத்துவிடாதீர்கள்.